‘குலுக்கல் முறையில்’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மருந்து, புதிய தடுப்பூசி, புதிய அறுவை சிகிச்சை என்று எதைப் பற்றிய ஆய்வுச் செய்தியானாலும் அதில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: ‘பங்கேற்பாளர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.’ அத்தோடு செய்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. எத்தனை சதவீதம் பேருக்குக் குணமானது என்பது தலைப்பில் கொட்டை எழுத்தில் வருகிறது. அந்தச் சதவீதத்தை நம்பலாமா என்பதோ, யார் குலுக்கினார்கள், எப்படிக் குலுக்கினார்கள், சீட்டு யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. மருத்துவப் புள்ளியியலில் வேலை செய்யும் நாங்கள் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

குலுக்கல் எதற்கு? புது மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று மருத்துவரே முடிவு செய்தால், தாங்குவார் என்று தோன்றுகிறவருக்கோ, வேறு வழியே இல்லாதவருக்கோ கொடுப்பார். இரண்டில் எதுவானாலும் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணிவிடும். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, இரக்கமே போதும். 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பகுதியில் சுமார் 20,000 பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் பால், மீதிப் பேருக்கு இல்லை. பெயர்களைச் சீட்டுப் போட்டோ அகர வரிசைப்படியோ பிரித்தார்கள். ஆனால் ஒரு குழுவில் நல்ல ஊட்டமுள்ள பிள்ளைகளோ நோஞ்சான்களோ அதிகமாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். விளைவு, ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் போனார்கள். பால் குடிக்காத குழுவின் குழந்தைகள் ஆய்வு தொடங்கும் நாளிலேயே எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி நின்றார்கள். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் வில்லியம் காசெட் 1931-ல் இதை எடுத்துக்காட்டினார். 20,000 பேரைச் சேர்த்தும் பாலின் பலனைச் சரியாக அளக்க முடியவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் பிரிப்பதில் நேர்ந்த தவறை அது ஈடுகட்டாது.

குலுக்கலில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. யாருக்கு எது என்ற வரிசையைத் தயாரிப்பது ஒன்று. ஒரு நோயாளி ஆய்வில் சேரும் கணம் வரை அந்த வரிசையை அவரைச் சேர்ப்பவர் கண்ணில் படாமல் வைப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதில்.

முதலில் வரிசையைப் பார்ப்போம். எளிய வழி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காசு சுண்டுவது போன்றது. உண்மையிலேயே காசைச் சுண்டக் கூடாது. சுண்டியதற்குப் பதிவு இருக்காது, பிடிக்காத பக்கம் விழுந்தால் ‘இன்னொரு தடவை’ என்று தோன்றும். கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கிப் பட்டியலிட வேண்டும். இந்த வழியில் அடுத்து வருவது எது என்று யாராலும் ஊகிக்க முடியாது. குழுக்களின் அளவு சமமாக அமையாமல் போகலாம் என்பதுதான் குறை. 20 பேரைப் பிரித்தால் சரியாக 10-10 என்று அமைய 17.6 சதவீத வாய்ப்புதான். 13-7 அல்லது அதைவிட மோசமாகச் சாய 26 சதவீத வாய்ப்பு உண்டு. 100 பேரில் 60-40 அல்லது அதைவிட மோசமாகச் சாய்வதற்கு சுமார் 6 சதவீதம். 1,000 பேரில் அதே 6 சதவீத வாய்ப்பில் நிகழும் சாய்வு 530-470, அதாவது கவலைப்பட ஒன்றுமில்லை. உண்மையில் 60-40 பிரிவினாலும் ஆய்வின் திறனில், அதாவது உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஆற்றலில், ஏற்படும் இழப்பு, நாலு சதவீத ஆட்களை இழந்ததற்குச் சமம், அவ்வளவுதான். எண்ணிக்கை சமமாக இல்லையே என்று பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் கையாளும் வழிதான் அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது.

அந்த வழி, கட்டுக் கட்டாகப் பிரிப்பது. நான்கு பேர் கொண்ட கட்டு என்றால் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பேருக்குப் புது மருந்து, இரண்டு பேருக்குப் பழையது. புது மருந்தை ‘அ’ என்றும் பழையதை ‘இ’ என்றும் வைத்தால் ஆறு வரிசைகள்தான் சாத்தியம்: அ-அ-இ-இ, அ-இ-அ-இ, அ-இ-இ-அ, இ-இ-அ-அ, இ-அ-இ-அ, இ-அ-அ-இ. இந்த ஆறில் ஒன்றைக் கணினி சமவாய்ப்பில் எடுக்கும், பிறகு அடுத்த கட்டுக்கு மறுபடியும். எந்த இடத்தில் ஆய்வு நின்றாலும் வித்தியாசம் இரண்டுக்கு மேல் போகாது.

இப்போது ஒரு ஆய்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணால் பாருங்கள். மருந்து மாத்திரையா ஊசியா என்று எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிகிற ஆய்வு அது. கட்டு நான்கு பேர் கொண்டது என்பதும் அவருக்குத் தெரியும். வந்தவர்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: அ, இ, அ. அடுத்தது இ என்று, ஒதுக்கீட்டுச் சீட்டு உள்ள உறையைத் திறக்காமலே சொல்லிவிடுவார். முதல் இருவரும் அ-அ என்று விழுந்தால் மூன்றாவதும் நான்காவதும் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு பேர் கட்டில் சராசரியாக மூன்றில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருக்கும். அடுத்தது பழைய மருந்து என்று தெரிந்த நிலையில் மிகவும் மோசமான நோயாளி ஒருவர் வாசலில் நின்றால், ‘இவரை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாமே’ என்று மனம் சொல்லும்.

இதற்கு மாற்று இருக்கிறது. கட்டின் அளவை 4, 6, 8 என்று சமவாய்ப்பில் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆறு பேர் கட்டில் 20 வரிசைகள் சாத்தியம், எட்டு பேர் கட்டில் 70. அளவு என்ன என்பதை மையங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லவே கூடாது. கட்டின் அளவை ஆய்வுத் திட்ட ஆவணத்தில் எழுத வேண்டாம் என்று 1998-ல் வந்த ஐசிஎச் ஈ9 என்ற, மருந்து ஆய்வுகளின் புள்ளியியலுக்கான சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அதைத் தனி ஆவணமாக, பட்டியல் தயாரிப்பவரிடம் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் கட்டு போடுகிற ஆய்வுகளும் உண்டு. அதில் பாதி ஒதுக்கீடுகள் அம்பலம். வெளிப்படையான ஆய்வில் அதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து.

நோயின் தீவிரம், வயது, மையம் போன்றவை முடிவைப் பெரிதும் பாதிக்கும் என்றால், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் போடுவார்கள். அடுக்கு முறை என்று இதைச் சொல்கிறோம். கட்டுகளோடு சேர்த்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. ஒவ்வொரு அடுக்கிலும் தனியாகக் காசு சுண்டினால், அடுக்கே போடாததற்குச் சமம். இதில் பேராசையும் கூடாது. ஐந்து மையங்கள், இரண்டு வயதுப் பிரிவுகள், இரண்டு தீவிர நிலைகள் என்றால் 20 அடுக்குகள். மொத்தம் 60 பேர்தான் என்றால் அடுக்குக்கு மூன்று பேர். நான்கு பேர் கட்டு பல அடுக்குகளில் நிரம்பவே நிரம்பாது, எதற்காக அடுக்கினோமோ அந்தச் சமநிலையும் கிடைக்காது. இரண்டு காரணிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காரணிகள் அதிகம், ஆட்கள் குறைவு என்றால் வேறொரு வழி இருக்கிறது. 1974-ல் டேவ்ஸும் 1975-ல் போகாக்கும் சைமனும் முன்வைத்த ‘வித்தியாசத்தைக் குறைக்கும் முறை’ அது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. புதிதாக வருபவர் பெண், 60 வயதைக் கடந்தவர், நோய் தீவிரம். இதுவரை சேர்ந்தவர்களில் பெண்கள் அ-வில் 8, இ-யில் 6. அறுபதைக் கடந்தவர்கள் அ-வில் 5, இ-யில் 7. தீவிர நிலையினர் அ-வில் 9, இ-யில் 6. கூட்டினால் அ-வுக்கு 22, இ-க்கு 19. இவரை இ-யில் சேர்த்தால் சமநிலை மேம்படும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இ-யில் போட்டுவிடக் கூடாது. 80 சதவீத வாய்ப்பில் இ, 20 சதவீத வாய்ப்பில் அ என்று ஒரு சமவாய்ப்பு எண்ணைக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் வந்தவர்களின் விவரம் தெரிந்த ஒருவர் அடுத்ததைக் கணக்குப் போட்டே சொல்லிவிடுவார். ஒவ்வொருவர் சேரும்போதும் கணக்கு மாறுவதால் மையக் கணினி இல்லாமல் இதைச் செய்ய முடியாது. விவரத்தைத் தப்பாகப் பதிந்தால் அந்தத் தப்பு பின்னால் வருகிற எல்லோரின் ஒதுக்கீட்டையும் தொடும்.

பட்டியல் போடும் கணினி வேலையிலும் வழுக்குகிற இடங்கள் இருக்கின்றன. எக்செல் தாளில் சமவாய்ப்பு எண் போட்டு வரிசைப்படுத்துவது பலர் செய்யும் குறுக்கு வழி. அந்த எண்கள் தாளில் எதைத் தொட்டாலும் மாறிவிடும். மறுநாள் அதே பட்டியலை மறுபடி உருவாக்கிக் காட்டு என்றால் முடியாது. புள்ளியியல் மென்பொருளில் தொடக்க எண் ஒன்றைக் கொடுத்து (அதே எண்ணைக் கொடுத்தால் அதே பட்டியல் மறுபடி வரும்), அந்த எண்ணையும் நிரலையும் தேதியோடு பூட்டி வைக்க வேண்டும். அதற்கு முன்பு வேறொரு தொடக்க எண்ணில் ஒத்திகைப் பட்டியல் போட்டு, கட்டுகள் சரியாக விழுகின்றனவா என்று இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். நிஜப் பட்டியலைப் போடுபவர் நோயாளிகளைச் சேர்ப்பதிலோ முடிவுகளை மதிப்பிடுவதிலோ கைவைக்கக் கூடாது.

இனி இரண்டாவது வேலை, மறைப்பது. இதில் முன்னுதாரணம் 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய அந்தக் காசநோய் ஆய்வில் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்தார்கள். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆண் பெண் என்று தனித்தனியாகவும், சமவாய்ப்பு எண்களை வைத்துப் பட்டியல் தயாரித்தார். ஆய்வு நடத்தியவர்களுக்குக்கூட அது தெரியாது. மூடி முத்திரையிட்ட உறைகள், வெளியே மருத்துவமனையின் பெயரும் ஒரு எண்ணும் மட்டும். நோயாளி தகுதியானவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகே உறையைத் திறந்தார்கள். அந்த ஆய்வை நாம் இன்றும் மதிப்பதற்கு அந்த உறைகளும் ஒரு காரணம்.

எதிர்முனையில் நிற்பவை பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா, மருத்துவமனைப் பதிவு எண் எதில் முடிகிறது, திங்கள் வந்தவருக்கு ஒன்று செவ்வாய் வந்தவருக்கு இன்னொன்று, ஒருவர் விட்டு ஒருவர் போன்ற முறைகள். பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். பிறந்த தேதிக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தமில்லைதான். ஆனால் நோயாளியிடம் ஒப்புதல் கேட்பதற்கு முன்பே அவருக்கு என்ன கிடைக்கும் என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடுகிறதே. செவ்வாய்க்கிழமை புது அறுவை சிகிச்சை என்றால் சிக்கலான நோயாளியைப் புதன்கிழமை வரச் சொல்வது எவ்வளவு சுலபம்! இவற்றைக் குலுக்கல் என்று எழுதுவது தவறு.

உறை முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். பண வசதி குறைந்த ஆய்வுகளுக்கு வேறு வழியும் இருப்பதில்லை. செய்வதானால் முழுதாகச் செய்ய வேண்டும். உறை வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாததாக இருக்க வேண்டும். அதற்கு அலுமினியத் தாள் ஒன்றை மடித்து உள்ளே வைப்பார்கள். உறைகளுக்குத் தொடர் எண் வேண்டும். உள்ளே ஒதுக்கீட்டுச் சீட்டின் மேல் கார்பன் தாள் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர்க் குறியீடு, தேதி, நேரம் ஆகியவற்றை மூடிய உறையின் மேல் எழுதிக் கையெழுத்திட்டால், எழுத்து கார்பன் வழியாகச் சீட்டில் பதியும். அதன் பிறகுதான் கிழிக்க வேண்டும். திறந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று இன்னொருவருக்கு மாற்றினால் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் உறைகளை விளக்கில் பிடித்துப் பார்த்ததும், நாலைந்தை மொத்தமாகத் திறந்து வைத்துக்கொண்டு பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்ததும் நடந்திருக்கின்றன. அதனால்தான் தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ மையத்திலிருந்து ஒதுக்குவதை நாங்கள் வலியுறுத்துகிறோம். நோயாளியின் விவரம், தகுதி, ஒப்புதல் எல்லாவற்றையும் பதிந்து முடித்த பிறகே விடை வரும். ஒருமுறை வந்த விடையை அழிக்க முடியாது.

மறைப்பது வேறு, சிகிச்சை தொடங்கிய பிறகு யாருக்கு எது என்று தெரியாமல் வைக்கும் ‘கண்கட்டு’ வேறு. செய்திகளில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. அறுவை சிகிச்சை ஆய்வில் மருத்துவரின் கண்ணைக் கட்ட முடியாது. ஆனால் ஒதுக்கீட்டை மறைப்பது எந்த ஆய்விலும் முடியும். கண்கட்டு ஆய்வில் மருந்துப் பெட்டிகளின் எண்ணிலும் கவனம் தேவை. 1 முதல் 100 வரை மருந்து, 101 முதல் 200 வரை போலி மருந்து என்று எண் போட்டிருந்தால், ஒரே ஒரு நோயாளிக்கு வந்த பக்கவிளைவு எல்லோருடைய கண்கட்டையும் அவிழ்த்துவிடும்.

மறைப்பு சரியில்லை என்றால் எவ்வளவு சேதம்? கென்னத் ஷுல்ஸும் சகாக்களும் 1995-ல் 250 ஆய்வுகளை அலசினார்கள். ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத ஆய்வுகள், சரியாக மறைத்தவற்றைவிட, வாய்ப்பு விகிதக் கணக்கில் (இரு குழுக்களின் வாய்ப்புகளை ஒப்பிடும் அளவு) சிகிச்சையின் பலனை சராசரியாக 41 சதவீதம் மிகைப்படுத்திக் காட்டின. எப்படி மறைத்தோம் என்று தெளிவாக எழுதாத ஆய்வுகள் 30 சதவீதம் மிகைப்படுத்தின. எழுதாமல் விடுவதும் ஒரு அறிகுறிதான்.

பெரிய ஆய்வுகளும் விலக்கல்ல. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ‘பிரெடிமெட்’ உணவுமுறை ஆய்வு 2013-ல் வெளியாகி உலகெங்கும் செய்தியானது. 2017-ல் ஜான் கார்லைல் என்ற மயக்கவியல் மருத்துவர் 5,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தொடக்க நிலை அட்டவணைகளை (சிகிச்சைக்கு முன் குழுக்கள் எப்படி இருந்தன என்று காட்டுபவை) கணக்கிட்டுப் பார்த்தபோது இதன் எண்களும் இயல்பாக இல்லை என்று தெரிந்தது. தோண்டினால், ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவர்களைக் குலுக்காமல் முதலாமவரின் குழுவிலேயே போட்டிருந்தார்கள். ஒரு மையத்தில் ஆட்களுக்குப் பதிலாக கிளினிக் கிளினிக்காக ஒதுக்கியிருந்தார்கள். 2018-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்திய கணக்கோடு மறுபடி வெளியிட்டார்கள். எண்கள் பெரிதாக மாறவில்லை, ஆனால் முடிவின் உறுதியைக் குறைத்து எழுத வேண்டியிருந்தது. கணவனுக்கு ஒரு சமையல், மனைவிக்கு வேறு சமையல் என்பது நடைமுறையில் கஷ்டம் என்பது எங்களுக்கும் புரிகிறது. அப்படியானால் வீட்டையே ஓர் அலகாகத் தொடக்கத்திலேயே அறிவித்துக் குலுக்கியிருக்க வேண்டும், கணக்கையும் அதற்கேற்பப் போட்டிருக்க வேண்டும். குழுவாகக் குலுக்குவதற்கு விலை உண்டு. குழுவுக்கு 50 பேர், உள்ளே இருப்பவர்களின் ஒற்றுமை அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.02 என்றால்கூட, தேவைப்படும் ஆட்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுவார்கள்.

‘நன்றாக வேலை செய்யும் மருந்துக்கு அதிகம் பேரை அனுப்பலாமே’ என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அப்படியும் ஒரு முறை உண்டு. 1985-ல் வெளியான, பச்சிளங்குழந்தைகளுக்கான எக்மோ (ரத்தத்துக்கு உடலுக்கு வெளியே ஆக்சிஜன் ஏற்றும் கருவி) ஆய்வில் இதைச் செய்தார்கள். எக்மோ பெற்ற முதல் குழந்தை பிழைத்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற இரண்டாவது குழந்தை இறந்தது. வாய்ப்பு சாய்ந்துகொண்டே போய், அடுத்த பத்துக் குழந்தைகளும் எக்மோவுக்கே போய்ப் பிழைத்தன. ஒப்பிட மறுபக்கம் நின்றது ஒரே ஒரு குழந்தை. அந்த விவாதம் இன்றும் தீரவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று நிலையான விகிதத்தில் பிரிப்பது இதைவிடப் பாதுகாப்பானது. அதே திறனுக்கு மொத்தத்தில் 12.5 சதவீதம் பேர் கூடுதலாக வேண்டும், மூன்றுக்கு ஒன்று என்றால் 33 சதவீதம்.

குலுக்கும் நேரமும் முக்கியம். தகுதியைச் சரிபார்த்து, ஒப்புதல் வாங்கி, சிகிச்சை தொடங்கும் நேரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் குலுக்க வேண்டும். மூன்று வாரம் முன்பே குலுக்கிவிட்டால் இடையில் சிலர் விலகுவார்கள், சிலர் இறப்பார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கவும் முடியாது. குலுக்கலில் ஒருமுறை ஒரு குழுவுக்குப் போன நோயாளி அந்தக் குழுவைச் சேர்ந்தவரே, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாலும் சரி, மருந்தே வாங்காமல் போனாலும் சரி. தவறு நடந்தால் பட்டியலைப் பின்னோக்கித் திருத்தக் கூடாது. நடந்ததை அப்படியே பதிந்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் இவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்று 1996 முதல் கான்சார்ட் விதிமுறை இருக்கிறது. பட்டியலை எப்படித் தயாரித்தார்கள், எப்படி மறைத்தார்கள், யார் தயாரித்தது, யார் சேர்த்தது என்று தனித்தனியே கேட்கிறது. ஆகவே உங்கள் நிருபர் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டுரையின் ‘முறைகள்’ பகுதியில் அநேகமாக ஒரு பத்தியில் இது இருக்கும். இல்லாவிட்டால் ‘ஒதுக்கீட்டை எப்படி மறைத்தார்கள் என்று கட்டுரையில் குறிப்பிடவில்லை’ என்று எழுதுங்கள். இருந்தால், ‘குலுக்கல் முறையில்’ என்ற சொல்லுக்குப் பதிலாக இப்படி ஒரு வாக்கியம் போதும்: ‘ஆய்வில் சம்பந்தமில்லாத புள்ளியியலாளர் ஒருவர் மாறும் அளவுள்ள கட்டுகளாகக் கணினியில் பட்டியல் தயாரித்தார், நோயாளியின் ஒப்புதல் பதிவான பிறகே மையக் கணினி அவரது குழுவைத் தெரிவித்தது.’ அச்சில் நான்கைந்து வரிக்கு மேல் பிடிக்காது.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் துறையில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்